உடம்பு எப்படி இருக்குதுங்கக்கா?

சம்பூரணத்தின் தூக்கம் அவளை விட்டுக் கழன்று அடுத்தவர் மேல் போய் விழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், அவளும் பக்கத்து வீட்டு ருக்குமணியும் வேப்பமர நிழலில் முறத்தை நடுவில் வைத்துத் தட்டைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது. அன்றைக்குத்தான் அவள் தன் உடம்பைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தாள். ருக்குமணி தன்னைவிடச் சின்னவள், இன்னும் இதெல்லாம் தெரியாதவள், ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தாள்.

“என்ற ஒடம்பு எனக்கே புடிபட மாட்டீங்குது ருக்கு. சும்மா உக்காந்திருக்கறப்பவே நெஞ்சுக்குள்ளாற ஒரு சூடு கெளம்புது...”

இவ்வளவு சொன்னதுமே சூடு கிளம்பிவிட்டது. நெஞ்சில் பற்றி, கழுத்தில் ஏறி, காது மடல் இரண்டையும் சுட்டு, உச்சந்தலை வழியாக வெளியேறி, முதுகெல்லாம் வேர்வையாக ஊற்றி அடங்கியபோது சம்பூரணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ருக்குமணி பாதி உரித்த காய் கையிலிருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மரத்தடி நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கரண்டு கணக்கெடுக்க வந்தவர் மதிலில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. எழுந்த ருக்குமணி, பிறந்ததிலிருந்து இப்படித் தூங்கினதில்லை என்று சோம்பல் முறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாளே தவிர, நீ என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாயே அக்கா, அது என்ன என்று கேட்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் பேய் என்றிருப்பார்கள், மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள். இது கரட்டுமேடு. இங்கே லாரி இல்லாத வீடு கிடையாது; லாரி இல்லாத வீட்டில் லாரி ஓட்டும் ஆளாவது இருப்பான். கிணற்றில் தண்ணீர் கீழே போகப்போக ஆண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு ஸ்டேரிங்கைப் பிடித்தவர்கள், நாக்பூர், ராய்ப்பூர், கௌகாத்தி என்று பாரம் ஏற்றிப் போய், மாசத்துக்கு ஒருமுறை கண் சிவந்து வீடு திரும்புகிறவர்கள், திரும்பினாலும் அசையாத கட்டிலில் படுத்துத் தூக்கம் வராமல் புரளுகிறவர்கள். தலைமாட்டில் கிரைண்டரை வெறுமனே ஓடவிட்டால்தான் கண்ணை மூடும் ஆட்கள் அந்த ஊரில் இருந்தார்கள். வீட்டில் வரவேண்டிய தூக்கம் வராது, ரோட்டில் வரக்கூடாத தூக்கம் கூப்பிடாமல் வந்து மடியில் உட்காரும். அதனால் கரட்டுமேட்டில் தூக்கத்தைப் பற்றி எந்தச் சேதி வந்தாலும் யாரும் மூக்கில் விரலை வைப்பதில்லை, எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

ரோட்டில் வரும் அந்தத் தூக்கத்தை விரட்டுவது பெண்டாட்டிகளின் வேலை. பேச்சுத் துணை என்று அதற்குப் பேர். விடிகாலை ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு தடவை, வண்டி வெற்று ரோட்டில் போகும் நேரம் பார்த்துப் போனைப் போட்டுப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவன் ‘உம்’ கொட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும். அன்பாகப் பேசக்கூடாது, அன்பாகப் பேசினால் கண் சொக்கும். படுக்கை, தலையணை, அலுப்பு என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. சண்டை நல்லது, பங்காளி பேசிய பேச்சு நல்லது, வரப்புத் தகராறு அதைவிட நல்லது. சம்பூரணம் இதில் கைதேர்ந்தவள். நாத்தனார் வளைகாப்பில் நடந்த ஒரு ரகளையை ஹைதராபாத்தில் ஆரம்பித்து, யார் முதலில் கை நீட்டினது என்பதை நாக்பூர் தாண்டும்வரை சொல்லாமலே இழுத்து, புருஷன் சென்னியப்பனை ஒரு கண் சிமிட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். கல்யாணமாகி ஊருக்குள் வரும் புதுப்பெண்கள் அவளிடம்தான் பேச்சுத் துணை பழகிக்கொண்டார்கள். சென்னியப்பன் வண்டியில் சின்னக் கீறல் விழாமல் இத்தனை காலம் ஓட்டியதற்குப் பாதி காரணம் பிரேக், பாதி காரணம் என் வீட்டுக்காரி என்று டீக்கடையில் சொல்லுவான். அதில் அவளுக்குப் பெருமை இருந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது சொல்ல ஒன்று இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. மாசம் தவறாமல் வந்துகொண்டிருந்தது முதலில் நாள் தள்ளி வந்தது, அப்புறம் மாசம் தள்ளி வந்தது, அப்புறம் நின்றே போனது. விட்டது சனியன் என்று அவள் தலை முழுகிய மறுவாரமே, கொழுந்தன் வீட்டுச் சீரில் தாம்பாளத்தோடு நிற்கும்போது மடை உடைந்தாற்போல் வந்து, பட்டுச் சேலையோடு அவளைக் கொல்லைப்புறம் வழியாக வீட்டுக்கு ஓட வைத்தது. சூடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்து போனபின் மார்கழிக் குளிர் மாதிரி உடம்பு நடுங்கும். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். காலையில் விரல் மடங்காது, முட்டி மடங்காது. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள், கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள், பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் பேரே ஒருநாள் நாக்கில் வராமல் நின்றது. துணி சோப்பு விளம்பரம் பார்த்து அழுதாள், பால்காரன் ஒரு சொல் சொன்னதற்குச் சொம்பைத் தூக்கி எறிந்தாள், எறிந்துவிட்டு, இது நானில்லையே என்று திகைத்து உட்கார்ந்தாள். சென்னியப்பன் ஊருக்கு வந்து பக்கத்தில் படுத்தால் பயமாக இருந்தது. ஆசை இல்லாமல் இல்லை, உள்ளே காய்ந்துபோய் எரிந்தது, அதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல் அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்ள, அவன் ஒன்றும் கேட்காமல் எழுந்து போய் லாரிக்குள் படுத்துக்கொண்டான். அது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

அவள் கேட்டது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. ஒருத்தர், ஒரே ஒருத்தர், கண்ணை முழித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஆமா சம்பூரணம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈரோட்டிலிருக்கும் அக்கா வசந்தாமணிக்குப் போன் போட்டாள். சூடு காது மடலைத் தொட்ட நொடியில் அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் கேட்டது. தூக்கம் போன் கம்பெனிகளையும் மதிப்பதில்லை, குரல் போகும் தூரமெல்லாம் போகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பஸ் ஏறிப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கையில் ஸ்டெதாஸ்கோப்போடு மேஜை மேல் தலை சாய்த்துவிட்டார், நர்ஸ் மருந்து அலமாரியோடு சாய்ந்துவிட்டாள், கதவு திறந்திருந்ததால் வெளியே பெஞ்சில் இருந்த நோயாளிகளும் ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்துவிட்டார்கள். சம்பூரணம் எல்லோருக்கும் காற்று வரட்டும் என்று ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். மறுமுறை போனபோது டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வார்டு பார்க்க ஆரம்பித்ததிலிருந்து நான் அப்படித் தூங்கினதே இல்லை, முடிந்தால் புதன்கிழமை புதன்கிழமை வந்து போங்கள் என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காகிதத்தில் எழுதிக் காட்டினாலும் இரண்டாவது வரியில் தலை சாய்ந்தது. சம்பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது, பஸ்ஸில் வரும்போது அழுகையும் வந்தது, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்துகொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் சோளக்காட்டுச் சம்பவம். அன்றைக்கு அவள் உடம்பைப் பற்றிப் பேசவே இல்லை. விடிகாலைப் பேச்சுத் துணையில், கொழுந்தன் வீட்டு ஆடு காட்டுக்குள் புகுந்து மேய்ந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், சென்னியப்பன் தெலுங்கானா ரோட்டில் உம் கொட்டிக்கொண்டிருந்தான். கூப்பிடாமலே சூடு வந்தது. சரி வந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் ஆட்டுக் கதையை விடாமல் சொல்ல, அவனுடைய உம் நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. “ஏனுங்க,” என்றாள். “மாமா,” என்றாள். கத்தினாள். தூங்குகிறவன் காதில் அது விழவில்லை. ஹாரன் ஒன்று கேட்டது, பெரிதாக ஏதோ சரியும் சத்தம் கேட்டது, லைன் அறுந்தது. திரும்பத் திரும்ப அவள் நம்பரைப் போட்டபடியே அடுப்படியில் நின்றாள். நெடுநேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

“ஒண்ணுமில்ல புள்ள. கண்ணு அசந்துட்டேன். வண்டி ரோட்டை விட்டு எறங்கிச் சோளக்காட்டுக்குள்ள நிக்குது. எனக்கு ஒரு கீறலும் இல்ல. நீ பேசிட்டிருக்கறப்ப நான் தூங்குனதே கெடையாதே, அதான் என்னன்னு தெரியல.”

அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து போனில் பேசும்போது ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே பேசினாள். சூடு நெஞ்சில் கிளம்பினால் பேச்சை முடிக்கப் பார்ப்பாள், கழுத்துக்கு வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லுவாள், காதைத் தொடுவதற்குள் போனை அணைத்துவிடுவாள். பால் பொங்குது, மாடு கத்துது, வாசலில் ஆள் வந்திருக்குது. அந்தச் சாக்குகளை நம்பிக்கொண்டு சென்னியப்பன் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முன்னே மாதிரி நீ பேசறதில்லை புள்ள என்று ஒருநாள் சொன்னான், அவ்வளவுதான் சொன்னான்.

சோளக்காட்டுச் சேதி ஊருக்குள் வந்ததும், ருக்குமணி அதையும் தான் மரத்தடியில் தூங்கினதையும் முடிச்சுப் போட்டுச் சொல்லிவிட்டாள். லாரி உரிமையாளர் சங்கத்துச் செயலாளர் நாச்சிமுத்து நல்ல மனுஷர், எதையும் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் அவருக்கு. வீடு தேடி வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தூரமாகவே நின்று பேசினார். பாரம் ஏற்றிக் கிளம்பும் வண்டி தெருமுனையில் மூன்று தரம் ஹாரன் அடிக்கும், அப்போது சம்பூரணம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாரம் இறக்கித் திரும்பி வந்த டிரைவர்களுக்கு மட்டும் மத்தியானத்தில் அவள் வீட்டு முன்பக்கக் கொட்டகையைத் திறந்துவிட வேண்டும்.

“உங்களுக்குச் சிரமந்தானுங்க. ஆனா பாருங்க, நம்ம பசங்க தூங்கி எத்தன நாளாச்சு. வேற ஊருல இப்படி ஒரு வசதி இருக்குதுங்களா?”

“செயலாளரே, எனக்கு என்ன பண்ணுதுன்னு ஒருக்காக் கேட்டுட்டுப் போங்க,” என்றாள் சம்பூரணம்.

அவர் கேட்டார். கேட்டு, வாசற்படியிலேயே சுருண்டு படுத்து, சாயங்காலம் எழுந்து, ரொம்பப் புண்ணியமாப் போச்சுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்படியாகக் கொட்டகைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் டிரைவர்கள் வந்தார்கள், பிறகு பல் முளைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்த பிள்ளைகள் வந்தார்கள், மகனை ரோட்டில் பறிகொடுத்துவிட்டு இரண்டு வருஷமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த ஒரு தகப்பன் வந்தார், அவர் தூங்கியதைப் பார்த்து அவர் பெண்டாட்டி சம்பூரணத்தின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆளாளுக்குப் பாய் கொண்டுவந்தார்கள், வாழைப்பழம் கொண்டுவந்தார்கள், சங்கத்திலிருந்து அவளுக்கு என்று ஒரு நாற்காலியும் ஒரு ஃபேனும் வந்து இறங்கின. வருகிறவர்கள் முதலில் பாயை விரிப்பார்கள், தலைக்கு உயரமாக எதையாவது வைத்துக்கொள்வார்கள், கால் நீட்டிச் சௌகரியமாகப் படுத்துக்கொண்டபின் அவளைப் பார்த்து, “உடம்பு எப்படி இருக்குதுங்கக்கா?” என்று கேட்பார்கள். கேட்டால் சூடு வரும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பதில் சொல்லாமல் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள், ஒரு கனைப்பு, ஒரு பெருமூச்சு அவளை மீறி வந்தால் போதும், அதற்கே கொட்டகை தூங்கியது. கோபம் வந்து, ஏண்டா, பதில் வேண்டாதவனெல்லாம் எதுக்குடா கேக்கறீங்க என்று கத்தினாள், கத்தினதில் சூடு சீக்கிரம் ஏறி, அவர்கள் சிரித்த முகத்தோடேயே தூங்கிப்போனார்கள். கரட்டுமேட்டில் கிழவர் முதல் குழந்தைவரை அவளைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை என்று ஆயிற்று. தூங்க அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, போய்ச் சம்பூரணத்தக்காளை உடம்பு விசாரிச்சுட்டு வா என்று சொல்வது அந்த ஊர் வழக்காகவே ஆகிவிட்டது. பரீட்சை சமயத்தில் மட்டும், டியூஷன் நடத்தும் வாத்தியார் வந்து, இந்தத் தெரு வழியாக நடமாட வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டு போனார்.

தூங்குகிறவர்களின் நடுவில் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கென்று ஒரு பொட்டுத் தூக்கம் மிச்சமில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது, எலும்பெல்லாம் கெஞ்சியது, படுத்தால் கண் மூடாது. அத்தனை பேருக்கும் கொடுக்கத் தெரிந்த உடம்புக்குத் தனக்கென்று ஒரு கை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சில நாள் தூங்குகிறவர்களைப் பார்த்தே பேசினாள், முதலிலிருந்து, சீர் வீட்டில் நடந்ததிலிருந்து, புருஷன் லாரியில் போய்ப் படுத்ததுவரை எல்லாவற்றையும் சொன்னாள். குறட்டைதான் பதில். சொன்ன பிறகும் சொல்லாத மாதிரியே இருந்ததால் அதையும் விட்டுவிட்டாள்.

ஒரே ஒருத்தி மட்டும் பாய் இல்லாமல் வந்தாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தெய்வாத்தாள், சம்பூரணத்தின் வயசுக்காரி. கரிப்பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து முகமெல்லாம் வெந்து சிவந்திருப்பாள். உட்கார்ந்து, சம்பூரணத்தின் முகத்தை நேராகப் பார்த்து, யாரும் கேட்காத தினுசில் கேட்டாள்.

“நெஞ்சுல கெளம்பி மேல ஏறுதுங்களா?”

சம்பூரணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா, ஆமா,” என்றாள்.

“எனக்கும் அப்படித்தானுங்க. எனக்கு என்னாச்சுன்னா...”

அதற்குள் சூடு காதுக்கு வந்துவிட்டது. தெய்வாத்தாள் என்னாச்சு என்பதைச் சொல்லாமலே அவள் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், ஒவ்வொரு நாளும் அந்த இடத்திலேயே தலை சாய்ந்தது. சேலையைப் பாதி தேய்த்தபடி போட்டுவிட்டு வந்து தூங்குகிறாள் என்று துணி கொடுத்தவர்கள் சத்தம் போட, தெய்வாத்தாள் வருவதை நிறுத்திக்கொண்டாள். தெருவில் பார்த்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள், அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

சென்னியப்பன் பாரம் இறக்கிவிட்டு ஊருக்கு வந்தபோது டீக்கடையிலேயே அவனுக்குக் கொட்டகைச் சேதியைச் சொல்லிவிட்டார்கள், சோளக்காட்டுப் பேச்சை மட்டும் அவன் முகத்துக்கு நேரே யாரும் எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி கையில் என்ன யோகம் பாரு என்றார்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“ஏம் புள்ள, ஊரே உன்னயப் பேசுது. என்னதான் சங்கதி?”

அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இவனாவது முழித்திருக்க மாட்டானா என்று வேகவேகமாகச் சொன்னாள். சூடு காதை எட்டுவதற்குள் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லிவிடப் பார்த்தாள், ஆனால் வெட்கத்துக்கு உள்ளே இருந்ததுதானே முக்கியமானது, அது கடைசியில்தானே வரும். அதற்கு முன்னாலேயே அவன் சரிந்துவிட்டான். அன்று முழுவதும் தூங்கினான், மறுநாளும் தூங்கினான், ஈ வந்து உட்கார்ந்தால் அவள் விசிறினாள். இப்படி அவன் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. முகத்தில் கோடெல்லாம் போய், பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த ஆள் மாதிரி கிடந்தான். பார்க்கப் பாசமாகவும் இருந்தது, எழுப்பி உலுக்கிவிடலாமா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

எழுந்தவன் நெட்டி முறித்துக்கொண்டு, ஊர் சொன்னது சரிதான் புள்ள என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் குளிக்கப் போனான். போனவன் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே கொடியைப் பார்த்து நின்றான். ஒரே நாளில் வேர்வையில் நனைந்து நனைந்து மாற்றியவை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அவளுடைய ஜாக்கெட்டுகள் பிழியப்பட்டு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தூங்கிவிடுவோம் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அன்று பொழுதோடு வண்டிக்குப் பாரம் ஏறிற்று. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தெருமுனையில் மூன்று தரம் ஹாரன் அடித்தான். சங்கத்துக் கட்டுப்பாட்டின்படி சம்பூரணம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் மறுபடி போன் போட்டது ஒரு மத்தியானம், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். கொட்டகைக்கு அன்றைக்கு யாரும் வரவில்லை, ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அவள் வழக்கம்போல ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சாப்பிட்டாச்சுங்களா?”

“ஆச்சு. ரொட்டி, பருப்பு. ரோடு நேராக் கெடக்குது, ஒரு வண்டியக் காணோம். புள்ள, நான் ஒரு ரோசனை பண்ணிட்டே வந்தேன்.”

“சொல்லுங்க.”

“ஊரே உன்னயக் கேக்குது. கேட்டுப்போட்டுத் தூங்கிருது. நானுந்தான் தூங்கிட்டேன். கொடியில காயப்போட்டிருந்ததப் பாத்தேன். இத்தன நாளும் நீ திரும்பிப் படுத்துட்டா, என்னயப் புடிக்காமப் போச்சாட்ட இருக்குதுன்னுதான் நெனச்சேன். அது அப்படியில்ல போல. நீ சொல்ல வந்தத ஒருத்தருமே முழுசாக் கேக்கல, இல்ல?”

இந்தக் கேள்வியைக் கேட்க யாராவது வருவார்களா என்றுதான் இத்தனை நாளும் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது, அதுவும் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டாளோ அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

“ஆமாங்க,” என்றாள். “சொல்றனுங்க. வண்டிய ஓரங்கட்டிப் போடுங்க மொதல்ல.”

“ஓரங்கட்டுனா தூங்கிருவேன் புள்ள. அதைத்தான் ரோசனை பண்ணுனேன். கட்டில்ல உக்காந்து கேட்டாலும் தூங்கிருவேன், மரத்தடியில கேட்டாலும் தூங்கிருவேன். நான் முழிச்சிருக்கற எடம்னா இந்த ஸ்டேரிங் ஒண்ணுதான். அந்தச் சோளக்காடு ஒருக்காத் தவிர இதப் புடிச்சுட்டு நான் கண்ண மூடுனதே கெடையாது. மொளகா கடிச்சிருக்கறேன், மூஞ்சிய நல்லாக் கழுவியிருக்கறேன். நீ பயப்படாமச் சொல்லு, நான் கடைசி வரைக்கும் கேக்கறேன். ஒடம்பு எப்படி இருக்குது புள்ள?”

உள்ளங்கைக்கு அடியில், நெஞ்சில், சூடு கிளம்பியது.

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, பாயை விரித்துக்கொண்டு கேட்கவில்லை. மிளகாயைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பாரம் ஏற்றிய வண்டியை நேர் ரோட்டில் விரட்டிக்கொண்டு, அவளுக்காக முழித்துக்கொண்டு கேட்கிறான். சோளக்காட்டில் வண்டியை இறக்கியது யார் என்று அவனுக்கு இன்னும் தெரியாது, சொல்லப் போனால் பாதியிலேயே கண் சொக்கிவிடும். போனை அணைத்துவிடலாம் என்று நினைத்தாள். அணைத்தால் திரும்பக் கூப்பிடுவான். எடுக்காவிட்டால் நாளைக்குக் கூப்பிடுவான், நாளன்றைக்குக் கூப்பிடுவான், முடிவெடுத்துவிட்டால் விடுகிற ஆளில்லை, ஒவ்வொரு தடவையும் ஓட்டிக்கொண்டுதான் கேட்பான். அந்தச் சோளக்காட்டில் ஒரு பள்ளம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு அப்போது முழுசாகத் தெரிந்தது. இனிமேல் அவன் கேட்காமல் இருக்க வேண்டுமானால் இப்போது பதில் சொல்லிவிட வேண்டும், அதைத் தவிர வேறு வழி அவளுக்குக் கிடைக்கவில்லை.

சூடு கழுத்துக்கு வந்துவிட்டது.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க,” என்றாள். “எல்லாம் நின்னு போச்சுங்க. சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பெல்லாம் நல்லாத் தூங்கறனுங்க. உங்க மேல ஒரு கோவமும் இல்லீங்க.”

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூச்சு விடவில்லை. பிறகு அவன் சிரித்தான், சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுச் சிரித்தான், சும்மாவே ஹாரனை ஒருமுறை அமுக்கினான்.

“நெசமாவா?”

“நெசமாத்தானுங்க.”

“அவ்வளவுதானா? முடிஞ்சுதா? பாத்தியா புள்ள, ஒரு கண்ணு சொக்கல எனக்கு. டாக்டரால முடியல, செயலாளரால முடியல, நான் கடைசி வரைக்கும் முழிச்சிருந்து கேட்டுட்டேன் பாத்தியா.”

“நீங்க ஒருத்தருதானுங்க கேட்டீங்க,” என்று சொல்லி, காது சுடுவதற்குள் போனை அணைத்தாள்.